ஹெஸ்ஸலின் கடுகு ஆலையில் எல்லாம் சும்மா

கஞ்சர்களைப் பற்றி எல்லாரும் எழுதியாயிற்று. ஊதாரிகளுக்கும் குறைவில்லை. நான் சொல்ல வருவது யாரும் கண்டுகொள்ளாத மூன்றாவது இனம்: சும்மாக்காரர்.

இவரை அடையாளம் காண்பது சுலபம். தொழில் எப்படிப் போகிறது என்று கேளுங்கள், போதும். கட்டடம் அப்பாவுடையது, அதனால் வாடகை சும்மா; போட்ட முதல் சொந்தப் பணம், அதனால் வட்டி சும்மா; வேன் மைத்துனருடையது, சும்மா; வேலை பார்ப்பது பெண்டாட்டி, அது சும்மாவிலும் சும்மா என்று விரல் மடக்கிச் சொல்லிவிட்டு, மிச்சமெல்லாம் லாபம் என்று மார்பைத் தட்டுவார். கையை விட்டுக் காசு போனால்தான் அவர் அகராதியில் செலவு. போகாததெல்லாம் காற்று, மழை மாதிரி. வானம் கொடுத்தது.

எங்கள் சின்ன ஊரான போல்ஸ்வார்ட்டில் அப்படி ஒருவர் என் பூக்கடைக்கு அடுத்த கட்டடத்திலேயே இருந்தார். ஹெஸ்ஸல். கால்வாய்க்கரையில் பழைய செங்கல் கட்டடம், உள்ளே கடுகு அரைக்கும் ஆலை. வருடத்துக்கு இருபதாயிரம் புட்டி. புட்டி இரண்டு யூரோ. கடுகு, வினிகர், கண்ணாடிப் புட்டி எல்லாம் சேர்ந்து அடக்கம் ஒரு யூரோ பத்து சென்ட். ஆக, வருட லாபம் பதினெட்டாயிரம். இந்தப் பதினெட்டாயிரத்தை ஊரில் கேட்காத காது கிடையாது.

முக்கியமாக டௌவேயின் காது. டௌவே எதிர்ச்சாரியில் ரொட்டி சுடுபவர். வாடகை கட்டுகிறார், வங்கிக்கு வட்டி கட்டுகிறார், இரண்டு பேருக்குச் சம்பளம் தருகிறார். வியாழக்கிழமை காலையில் நாங்கள் மூவரும் என் கடையில் காப்பி குடிக்கும்போது ஹெஸ்ஸல் அவரைச் சீண்டாமல் இருந்ததில்லை.

"நீ ரொட்டி சுடறதே பேங்க்காரனுக்காகத்தான்யா. என்னைப் பாரு, ஒருத்தனுக்கும் அஞ்சு காசு தர வேண்டியதில்ல!"

"நீ ராஜா. உக்காந்து பிஸ்கட்டைத் தின்னு," என்பார் டௌவே.

அந்த ராஜாங்கத்தில் புட்டிகளைக் கழுவி, நிரப்பி, மூடி, லேபிள் ஒட்டி, வரி ஆபீசுக்குத் தாள் எழுதி, சனிக்கிழமைச் சந்தையில் குளிரில் நின்று விற்றது ரென்ஸ்கே. ஹெஸ்ஸலின் மனைவி. பதினோரு வருடம். ஹெஸ்ஸல் என்ன செய்தார்? அரைத்தார். வருகிறவர்களுக்கு ஆலையைச் சுற்றிக் காட்டினார்.

போன வசந்தத்தில் பெரிய சூப்பர்மார்க்கெட் நிறுவனம் ஒன்றிலிருந்து ஆர்டர் வந்தது. வருடத்துக்கு நாற்பதாயிரம் புட்டி கூடுதலாக; புட்டிக்கு ஒன்று நாற்பத்தைந்து. ஹெஸ்ஸல் உறையின் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டார். புட்டிக்கு முப்பத்தைந்து சென்ட் லாபம். மொத்தம் பதினாலாயிரம்! கையில் தாளோடு ஆலைக்குள் ஓடினார். சுவர் மெல்லியது, எனக்கு எல்லாம் கேட்டது.

"நாப்பதாயிரம் புட்டி, ரென்ஸ்கே!"

"லேபிள் யாரு ஒட்டறது?"

"இதென்ன கேள்வி? நீதான். இப்பவும் நீதானே ஒட்டற!"

சண்டை வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ரென்ஸ்கே கையிலிருந்த புட்டிக்கு லேபிள் ஒட்டி முடித்தாள், கை கழுவினாள், வீட்டுக்குப் போனாள். மூன்றாவது வாரம் மாவட்ட நீர்வாரிய அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். மாதம் இரண்டாயிரத்து எழுநூறு.

ஹெஸ்ஸலுக்குக் கோபம்கூட வரவில்லை, ஆச்சரியம்தான் வந்தது. குழாயைத் திருகினால் தண்ணீர் வரவில்லையே என்று பார்ப்பவரைப் போல ஒரு வாரம் திரிந்தார். பிறகு, லேபிள் ஒட்டும் இயந்திரம் வாங்கக் கடன் கேட்டு வங்கிக்குப் போனார். வாழ்நாளில் முதல் தடவை. அங்கே நடந்ததை அவரே வந்து எங்களிடம் சொன்னார். அங்கிருந்த பெண் அதிகாரிக்கு முப்பது வயதுகூட இருக்காதாம்.

"வாடகை எவ்வளவு கட்டறீங்க, சார்?"

"சொந்தக் கட்டடம், மேடம்."

"கூலி?"

"மனைவி பாத்துக்கிட்டா. இப்ப இல்ல."

"உங்க சம்பளம்?"

"நான் முதலாளிம்மா. எனக்கு எதுக்குச் சம்பளம்?"

அந்தப் பெண் சிரிக்கவில்லையாம். கம்ப்யூட்டரில் எதையோ பார்த்துவிட்டு, "கால்வாய்க்கரையில அந்த அளவு இடத்துக்கு மாசம் ரெண்டாயிரம் வாடகை வரும், சார். வருஷத்துக்கு இருபத்துநாலாயிரம். நீங்க ரெண்டு பேரும் உழைச்சு எடுக்கறது பதினெட்டு. ஆலையை மூடி வாடகைக்கு விட்டுட்டு வீட்ல படுத்திருந்தா ஆறாயிரம் அதிகமாக் கிடைச்சிருக்கும்," என்றாளாம்.

பதினோரு வருடமாகத் தூங்கியிருக்கலாம் என்று ஒரு மனிதனிடம் சொன்னால் அவன் என்ன செய்வான்? ஹெஸ்ஸல் விடவில்லை. இயந்திரம் வேண்டாம், ஆள் வைக்கிறேன் என்று கிளம்பினார். ரென்ஸ்கே செய்த வேலைக்கு ஓர் ஆள் போதவில்லை, இரண்டு பேர் வேண்டும் என்று அப்போதுதான் தெரிந்தது. அவர்கள் கூலியை நாற்பதாயிரம் புட்டியில் பங்கு போட்டால் புட்டிக்குத் தொண்ணூற்றைந்து சென்ட். ஆக, அடக்கம் இரண்டு யூரோ ஐந்து சென்ட். விற்பது ஒன்று நாற்பத்தைந்து.

"பரவால்ல. நிறைய வித்தா சரிக்கட்டிடலாம்," என்றார் வியாழக்கிழமை.

டௌவே காப்பியைக் கீழே வைத்தார். "என்னப்பா சொல்ற? ஒரு புட்டிக்கு அறுபது சென்ட் நட்டம்னா நாப்பதாயிரம் புட்டிக்கு எவ்வளவு?"

ஹெஸ்ஸலின் உதடுகள் அசைந்தன. இருபத்துநாலாயிரம் என்ற எண் அவர் வாயிலிருந்து வரவில்லை, முகத்தில் வந்தது. டௌவே, பாவம், அதற்குமேல் ஒரு வார்த்தை கிண்டல் செய்யவில்லை.

ஆர்டரில் ஹெஸ்ஸல் கையெழுத்துப் போடவில்லை. அன்று மாலை வீட்டில் கடுகு சூப்பும் கறுப்பு ரொட்டியும் வைத்துக்கொண்டு அவரும் ரென்ஸ்கேயும் உட்கார்ந்திருக்கிறார்கள். ரென்ஸ்கே பின்னால் என்னிடம் சொன்னது இது.

"பதினோரு வருஷத்துக்கு உனக்கு நான் எவ்வளவு தரணும்?" என்று கேட்டிருக்கிறார்.

"விடு, ஹெஸ்ஸல். அதைக் கூட்டினா ஆலையை வித்தாலும் பத்தாது."

"திரும்பி வர்றியா? சம்பளம் தரேன்."

"எவ்வளவு?"

ஹெஸ்ஸல் யோசித்து, கூச்சத்தோடு, ஆயிரத்தைந்நூறு என்றார். ரென்ஸ்கே அவருக்கு இன்னொரு கரண்டி சூப் ஊற்றினாள். அதுதான் பதில். அவர் அழுதாராம். கடுகுக் காரம் என்று சொன்னாராம்.

இப்போது ஆலையின் முன்பாதியில் ஒரு காப்பிக்கடை வாடகைக்கு வந்திருக்கிறது. பின்பாதியில் ஹெஸ்ஸல் முன்பு அரைத்ததில் கால்பங்கு அரைக்கிறார், லேபிளைத் தானே கோணலாக ஒட்டுகிறார், புட்டி மூன்று எண்பதுக்கு விற்கிறார். வாங்குகிறவர்கள் முணுமுணுத்துக்கொண்டே வாங்குகிறார்கள். ரென்ஸ்கே சனிக்கிழமைகளில் பத்து மணி வரை தூங்குகிறாள். அவளைத் தூக்கத்திலிருந்து எழுப்பாமல் சந்தைக்குக் கிளம்பும் அளவுக்கு அவர் தேறிவிட்டார்.

சிரித்துவிட்டீர்களா? நல்லது. இந்தப் பக்கங்களை என் கணவர்தான் இரண்டு முறை படித்துப் பிழை திருத்தினார். அவருக்கு எவ்வளவு தந்தேன் என்று கேட்காதீர்கள், மனிதர் வீட்டில் வெறுமனேதான் இருக்கிறார். என்னை விடுங்கள். இதைப் படிக்கும் உங்கள் பக்கத்தில் ஒரு தம்ளர் இருக்கிறதே, அது தானாக நடந்தா வந்தது?