வெயில் ஆவியாகாமல் காத்த கதை

எல்லாம் வல்ல இறைவன் திருவருளால் நலம் பெருகி வாழும் மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதும் மடல். இங்கு நானும் உங்கள் மாமியாரும் மொட்டைமாடியிலுள்ள பன்னிரண்டு சூரியத் தகடுகளும் நலம். அங்கு நீங்களும் என் மகளும், போனில் தெரியும் என் வாய்க்குப் பிஸ்கட் ஊட்டப் பார்க்கும் பேத்தியும் நலமாயிருக்க நாள்தோறும் வேண்டுகிறேன்.

மங்கலச் செய்தியை முதலில் சொல்வதே மரபு. ஆனால் உங்கள் மாமியார், "நடந்ததை முதல்ல எழுதுங்க. இல்லேன்னா அந்தப் பகுதியை நைசா முழுங்கிடுவீங்க" என்று என் தோளுக்குப் பின்னால் காவல் நிற்கிறார். ஆகவே மரபை மீறுகிறேன்.

நான் முப்பத்திரண்டு ஆண்டு உழைத்த எண்ணெய் நிறுவனம் முதுமையில் ஒரு பிள்ளை பெற்று அதற்குத் தூய மின்சாரம் என்று பெயரிட்டதும், அந்தப் பிள்ளையிடம் நீங்கள் வேலைக்குச் சேர்ந்ததும், அது இப்போது இந்த வட்டாரத்தில் ஏழு ஊர்களுக்குக் கால் பரப்புவதும் நீங்கள் அறியாததல்ல. ஊருக்கு ஒரு மாதிரி வீடு, அதன் மாடியில் சூரியத் தகடுகள். எந்த வீட்டு மீட்டர் நன்றாக ஓடுகிறதோ அந்த ஊரில் வட்டார அலுவலகம். எங்கள் ஊர் தேறினால் அதற்குத் தலைவர் நீங்கள். ஒன்பது ஆண்டுக்குப் பின் என் மகள் இவ்வீட்டு வாசற்படி மிதிப்பாள். இந்த ஒன்றுக்காகவே கூரையைக் கொடுத்தேன். ஞாயிற்றைப் பாடாத புலவர் இல்லை; ஆயினும் அதன் அருளைச் சுவரில் எண்ணாக ஓடவிட்டுப் பார்க்கும் பேறு அவர்களில் எவருக்கு வாய்த்தது? முதல் நாள் காலை மீட்டர் முன் நின்று கண்ணீர் மல்கினேன், மாப்பிள்ளை!

பெட்ரோல் கிடங்கில் பழகிய ஒழுக்கம் என்னை விட்டுப் போகுமா? மாடியில் நான்கு மணல் வாளி, "புகை பிடிக்காதே" பலகை, மணிக்கு ஒரு முறை எழுதும் பதிவேடு, எல்லாம் வைத்தேன். மூன்றாம் நாள் என் பழைய தோழர் வந்தார். கிடங்கில் லாரி மூடிகளுக்கு ஈய முத்திரை வைத்தவர். ஆகையால் ஊருக்கே அவர் 'சீல்'. உச்சிவேளையில் தகட்டின்மேல் கை வைத்தவர் துள்ளிக் குதித்தார். "அய்யோ சார், என்ன இப்படிக் கொதிக்குது! இந்த வெயில்ல டாங்க்கைத் திறந்து போட்டா சரக்கு என்னத்துக்காகும்? பாதி ஆவியாப் போயிடுமே!" கோடையில் தொட்டிகளுக்குத் தண்ணீர் தெளித்து, பெட்ரோல் ஆவியாகாமல் காத்த கைகள் அல்லவா இவை? அன்று முதல் பதினொரு மணிக்கு ஈரத் தார்ப்பாய் போர்த்துவோம். சீல் நான்கு மூலைக்கும் முத்திரை வைப்பார். மூன்று மணிக்கு எடுப்போம். போர்த்தியதும் மீட்டர் நின்றது. கிடங்கில் மீட்டர் நின்றால் ஒரு சொட்டும் வெளியேறவில்லை என்று பொருள். ஆகவே காலையில் ஓடுவது வரவு, உச்சியில் நிற்பது சேமிப்பு என்று உரையாசிரியர்களும் நாணும்படி ஓர் உரை கண்டு, "மீட்டர்: பூஜ்யம். இழப்பு: இல்லை" என்று கையொப்பமிட்டு வந்தேன். உங்கள் மாமியார், "சூரியனுக்குன்னு வெச்ச தகடுக்குக் குடை பிடிக்கிறீங்களே, நல்லாவா இருக்கு?" என்றார். எண்ணெய்த் தொழில் அறியாரோடு வாதிடலாகாது என்று பொறுத்தருளினேன்.

இருபதாம் நாள் நண்பகல் உங்கள் மேலதிகாரி அம்மையார் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நேரே மாடியேறினார். சீல் குறுக்கே நின்று, "மேடம், முத்திரையை உடைக்கணும்னா கையெழுத்து போடணும்" என்கிறார். "உள்ள என்ன இருக்கு?" "வெயில் இருக்கு மேடம். பத்திரமா வெச்சிருக்கோம்."

அம்மையார் பதிவேட்டை ஏடு ஏடாகப் புரட்டினார். "ஐயா, மூடி வெச்சா கரண்டே வராதுன்னு யாரும் சொல்லலியா?" படிக்கட்டிலிருந்து உங்கள் மாமியார், "நான் சொன்னேன்!" என்றார். அப்போதுதான், மாப்பிள்ளை, முப்பத்திரண்டு ஆண்டின் ஞானம் என் தலையில் ஒரே நொடியில் ஆவியாயிற்று. கற்றது கைம்மண்ணளவு என்பார்கள். என்னிடம் இருந்தது நான்கு வாளி மணல். "தப்பு முழுக்க என்னோடதும்மா. மாப்பிள்ளையைக் கோவிச்சுக்காதீங்க. என் பொண்ணு வர்ற வழியை நானே தார்ப்பாய் போட்டு மூடிட்டேன்" என்றேன்.

அம்மையார் மணல் வாளிமேல் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பில் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "மத்த ஆறு வீடும் நம்ம பழைய கிடங்கு ஆளுங்க வீடுதான் ஐயா. அங்கயும் உச்சி நேரத்துல மீட்டர் படுத்துடுது. தகடு கோளாறுன்னு ஊரெல்லாம் தேடிட்டிருக்கோம். அங்கயும் தார்ப்பாய்தான்னு இப்பதான் புரியுது, நாங்க போறப்ப எடுத்து ஒளிச்சிடுறாங்க போல. கேட்டா வாய் திறக்க மாட்டாங்க. செஞ்சதை மணி தவறாம எழுதிக் கையெழுத்தும் போட்டவர் நீங்க ஒருத்தர்தான்!" என்றார்.

தார்ப்பாய் இல்லாத நேரங்களை மட்டும் எடுத்துப் பார்த்ததில் நம் மாடியே முதலிடமாம்! அலுவலகம் இங்கேதான்! ஆணை வந்துவிட்டது! மேலறைக்கு வெள்ளையடித்தாயிற்று, பேத்திக்கு ஊஞ்சல் மாட்டியாயிற்று, சீல் அதற்கும் முத்திரை வைக்கக் கிளம்பினார், தடுத்துவிட்டேன். வருகிற செவ்வாய்க்கிழமை தவறாமல் வந்து சேருங்கள். இனி நாம் ஒரே கூரையின் கீழ். ஒருவரையொருவர் போனில் பார்க்கும் காலம் ஒழிந்தது!

தகட்டின்மேல் விழும் கதிர்போல் தடையின்றி உங்கள் குடும்பத்தின்மேல் அருள் பொழிக என்று வாழ்த்தும்,

மாமனார்.

பின்குறிப்பு: உறையை ஒட்டும் வேளையில் அம்மையாரின் இன்னொரு கடிதம் வந்தது. மற்ற ஆறு ஊர்களிலும் தார்ப்பாய் எடுக்கச் சொல்லும் ஆலோசகர்களாக என்னையும் தோழர் சீலையும் பதினொரு மாதம் ஊர் ஊராகத் தங்கி வேலை பார்க்க நியமித்திருக்கிறார்கள்! எழுபத்தோரு வயதில் மீண்டும் அடையாள அட்டை, மாப்பிள்ளை! திங்கட்கிழமை காலை புறப்படுகிறோம். "உங்களை நம்பி அனுப்ப முடியாது" என்று உங்கள் மாமியாரும் உடன் வருகிறார். வீட்டுச் சாவி எதிர்வீட்டுத் தையற்காரரிடம். பேத்தியிடம் போனையும் பிஸ்கட்டையும் தயாராக வைத்திருக்கச் சொல்லுங்கள்.