தொண்ணூற்றாறு வரிசைக் கை

கம்பளிப் பின்னல்காரர்கள் என்றொரு இனம் உண்டு. குளிர் நாட்டில் அவர்கள் இருந்தால் அதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் மின்விசிறியை ஐந்தில் வைத்தும் முதுகில் வேர்வை வழிகிற பிரிக்பீல்ட்ஸில், சட்டையே பாரம் என்று ஆண்கள் இடுப்பில் வெறும் சாரத்தோடு உலவும் ஊரில், மடியில் கம்பளி உருண்டையைப் போட்டுக்கொண்டு சுவெட்டர் பின்னுகிறார்களே, அவர்களைத்தான் சொல்கிறேன். பார்த்திருப்பீர்கள். அவர்கள் பின்னிய மஃப்ளர் ஒன்று உங்கள் அலமாரியிலும் கிடக்கலாம். போடவும் முடியாது, தூக்கிப் போடவும் மனம் வராது.

கனகேஸ்வரியை எடுத்துக்கொள்ளுங்கள். அரசாங்க அலுவலகத்தில் தலைமைக் கிளார்க். ரயில்வேயில் ஓய்வு பெற்ற வீரசிங்கத்தின் மனைவி. 1984இல் அவர் ஊசியில் தொங்கிக்கொண்டிருந்தவை: கணவருக்குக் கையில்லாத சுவெட்டர் ஒன்று, குளிரான கேமரன் மலைக்குப் போகலாம் என்று பேசிய வருஷம் தொடங்கியது, முதுகு மட்டும் முடிந்திருக்கிறது, மலைக்கு இன்னும் போகவில்லை; பக்கத்து வீட்டுப் பூமணியின் கைக்குழந்தைக்கு ஒரு தொப்பி, அந்தத் தலை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. டீ பாத்திரத்துக்கு ஒரு சட்டை மட்டும் முழுதாக முடிந்தது. பாத்திரம்தான் அதற்குள் உடைந்துவிட்டது.

இந்த இனத்தின் மந்திரம் ஒன்றே ஒன்று: "இந்த ஒரு வரிசை முடிஞ்சிரட்டும்." சோறு அடிப்பிடிக்கும், வாசலில் தபால்காரர் மணியடிப்பார், குளியலறையிலிருந்து வீரசிங்கம் துண்டு கேட்டுக் கத்துவார், ஒரு வரிசை முடியட்டும். முடிந்ததா? முடிந்தது. ஆனால் அடுத்த வரிசை தொடங்கியிருக்கும்.

எண்ணிக்கொண்டிருக்கும்போது பேச்சுக் கொடுக்கவும் கூடாது.

"மகளுக்கு என்ன வயசாச்சு, அக்கா?" என்று பூமணி ஒரு நாள் வேலிக்கு மேலே எட்டிக் கேட்டார்.

"எழுபத்திரண்டு" என்றார் கனகேஸ்வரி.

அந்த மகளால்தான் எல்லாம் வந்தது. சிவமலருக்கு வயது பத்தொன்பது. செப்டம்பரில் கிளாஸ்கோவுக்குப் படிக்கப் போகிறாள். இருபது வருஷமாக வெயிலில் உட்கார்ந்து பின்னியவருக்கு முதல்முறையாக நிஜமான குளிர் ஒன்று வாய்த்திருக்கிறது, விடுவாரா? மகள் விமானம் ஏறும்போது அம்மா பின்னிய சுவெட்டர் உடம்பில் இருந்தாக வேண்டும். பஸ் பிடித்துக் கிள்ளானுக்குப் போனார். ஜெய்னுதீன் கடையில் கருநீல நூல் பன்னிரண்டு உருண்டை வாங்கினார்.

"ஆன்டி, இந்தச் சாமான ஒங்களத் தவிர ஒருத்தரும் கேக்குறதில்ல லா" என்றார் ஜெய்னுதீன். கனகேஸ்வரி அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

ஜூலைக்குள் முதுகும் மார்பும் ஒரு கையும் முடிந்துவிட்டன. அந்தக் கையை ஞாயிறு மத்தியானங்களில், மகள் பக்கத்தில் படுத்துக் கதைப் புத்தகம் படிக்க, ரேடியோ பாட, விரல் போன போக்கில் நிதானமாகப் பின்னினார். தொண்ணூற்றாறு வரிசை. பிறகுதான் வினை வந்தது. மார்பில், அடியிலிருந்து பத்தாவது வரிசையில், வலப்பக்கம் முறுக வேண்டிய ஒரு சடைப் பின்னல் இடப்பக்கம் முறுகியிருந்தது.

"அங்க யாரு குனிஞ்சு பாக்கப் போறா?" என்றார் வீரசிங்கம்.

"எனக்குத் தெரியுமே!"

மார்பு மொத்தமும் பிரிந்து நூலாயிற்று. அதை மறுபடி பின்னி முடிக்க ஆகஸ்ட் போய்விட்டது. இரண்டாவது கையைத் தொடங்கும்போது பயணத்துக்கு ஆறு நாள் இருந்தது. பெட்டி கட்டும் சத்தத்துக்கு நடுவே பின்னினார். சிவமலர் ஒவ்வொரு சாமானாக எடுத்து வைக்க வைக்க, அம்மாவின் விரல் நூலை இறுக்கிப் பிடித்தது. அதை அவர் கவனிக்கவில்லை. வரிசையைத்தான் எண்ணினார்.

கடைசிப் பதினெட்டு வரிசை, சுபாங் விமான நிலையத்துக்குப் போகும் வழியில் காரிலேயே நடந்தது.

"பிரேக் போடாதீங்க, கண்ணி நழுவுது!"

"முன்னால லோரி நிக்குது, கனகம்!"

"இந்த ஒரு வரிசை முடிஞ்சதும் நிறுத்துங்க."

லோரி தப்பியது. விமான நிலையத்தில் சொந்தபந்தமெல்லாம் சுற்றி நிற்க, கனகேஸ்வரி தரையோடு உட்கார்ந்து கையைச் சுவெட்டரோடு இணைத்துத் தைத்தார். கடைசி அழைப்பு ஒலித்தது. வழிந்த வேர்வையோடு சிவமலர் அதை மாட்டிக்கொண்டு, அம்மாவைக் கட்டிப்பிடித்துவிட்டு ஓடினாள். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் போய் நின்று, திரும்பிப் பார்த்து, கையைத் தூக்கினாள்.

அந்தக் கையில் மணிக்கட்டு முழுதும் வெளியே தெரிந்தது. மற்றக் கை விரல் நுனிவரை மூடியிருந்தது. இதுவும் தொண்ணூற்றாறு வரிசை, அதுவும் தொண்ணூற்றாறு வரிசை. கணக்கில் பிழையில்லை. மகள் பக்கத்தில் இருந்தபோது பின்னிய கை இளகி நீண்டிருந்தது. போகப் போகிறாள் என்று பின்னிய கை இறுகிக் குட்டையாகியிருந்தது.

பூமணி முந்தானையில் முகம் புதைத்து விம்மினார். வீரசிங்கம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். கனகேஸ்வரி மட்டும் இரண்டு கையையும் தலைக்கு மேலே வீசி வீசி ஆட்டினார்.

"கழட்டு! கழட்டிக் குடு! கொஞ்ச வரிசைதான்!"

கண்ணாடிக்கு அப்பால் ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவுக்குத்தான் எவ்வளவு பாசம் என்று சிவமலர் இன்னும் வேகமாகக் கையாட்டினாள், பிறகு மறைந்துவிட்டாள்.

"அழாத, கனகம்" என்றார் வீரசிங்கம்.

"நான் அழல. கை குட்டையா..." என்றவர், அதற்கு மேல் முடியாமல் அழுதார்.

மூன்று வாரம் கழித்து மகளின் ஏரோகிராம் கடிதம் வந்தது. "நீளக் கை கையுறை மாதிரி மூடிக்குது, நல்லா இருக்கு. குட்டைக் கைய பாக்கெட்டுல வச்சுக்கிறேன். இதக் கழட்டவே மாட்டேன். சரி பண்ண அனுப்பச் சொல்லி மட்டும் எழுதாதீங்கம்மா."

கனகேஸ்வரி அப்படி எழுதிய கடிதம் முந்தின நாள்தான் தபாலில் போயிருந்தது.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஊசியைத் தொட்டதே இல்லை, எனக்கும் இந்த இனத்துக்கும் சம்பந்தமில்லை என்றுகூடச் சொல்லிக்கொள்ளுங்கள். ஆனால் அடுத்த தடவை யாரையாவது வழியனுப்பப் போய், பிள்ளை திரும்பிப் பார்க்கிற அந்த நேரத்தில், உங்கள் கண் எங்கே போகிறது என்று கவனியுங்கள். முகத்துக்கா, மடங்கிக் கிடக்கும் காலருக்கா?