சீமைக்குப் போன உறைமோர்

துணியை இஸ்திரி போட்டு, நான்காக மடித்து, மகளின் பெட்டிமேல் வைத்த பிறகுதான் சுப்பையனுக்குத் தான் செய்த காரியம் உறைத்தது.

கறையைக் கண்டால் அவர் கை சும்மா இராது. மலாக்காவின் காஜா பேராங்கில் டோபிக் கடை வைத்திருப்பவரிடம் வேறென்ன எதிர்பார்ப்பது? கொல்லைக் கயிற்றில் ஒரு துணி மஞ்சள் பூத்து, விறைத்து, புளித்த வாடையோடு தொங்கியது. புத்தி யோசிப்பதற்குள் கை துவைத்துவிட்டது. சவுக்காரம், நீலம், கஞ்சி, ஒன்று விடவில்லை.

அது கறையில்லை. தயிர்.

அவர் மனைவி ருக்மணி கல்யாணமாகி நாகப்பட்டினத்தில் கப்பலேறியபோது, தாய்வீட்டுத் தயிரில் ஒரு துணியை நனைத்து உலர்த்திக் கொண்டுவந்தாள். மலாக்காவுக்கு வந்து வெதுவெதுப்பான பாலில் அதைப் போட்டாள், தயிர் உறைந்தது. அன்றிலிருந்து நேற்றைய தயிரில் ஒரு கரண்டி இன்றைய பாலுக்கு என்று ஓடியது. ஜப்பான்காரன் காலத்தில் அரிசி கிடைக்காதபோதுகூட அந்த உறை அறுந்ததில்லை.

போன வருஷம் மெர்டேக்கா சுதந்திரக் கொண்டாட்டம் முடிந்த கையோடு ருக்மணி கண்ணை மூடிவிட்டாள். இப்போது மகள் சீதா நர்ஸ் படிப்புக்குச் சீமைக்குப் போகிறாள். நாளைக் காலை பயணம். "உங்கம்மா உறை சீமையிலயும் உறையணும்" என்று ஒற்றைக்காலில் நின்றவர் சுப்பையன்தான். தினமும் தயிர்சோறு பிசையும்போது, "அப்படியே உங்கம்மா கைம்மா" என்பார். சீதா தலையைக் குனிந்துகொண்டு இன்னும் கொஞ்சம் ஊற்றுவாள்.

சீதா எடுத்துப்போகத் தயிரில் நனைத்துக் காயப்போட்டிருந்த அந்தத் துணியைத்தான் மனுஷர் வெளுத்து வைத்திருந்தார்.

சீதா தோழிகளிடம் சொல்லிக்கொள்ளப் போயிருந்தாள். சுப்பையன் அடுப்படிக்கு ஓடினார். சட்டியில் மிச்சமிருந்த தயிர் முழுவதையும் துணியில் கொட்டி அமுக்கினார். உலர நேரமில்லையே! இஸ்திரிப் பெட்டியை எடுத்து ஒரே இழுப்பு இழுத்தார். புஸ்ஸென்று புகை கிளம்பி, தயிர் வெந்து, துணியும் பழுப்பேறியது. சட்டியும் காலி. தனக்கென்று வைத்துக்கொள்ளக்கூட ஒரு சொட்டு மிஞ்சவில்லை.

பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றார்.

"சாரதாம்பாளக்கா, ஒரு கரண்டி தயிர் குடுங்களேன்."

"விளக்கு வெச்சாச்சே தம்பி! இந்நேரத்துல தயிரு கொடுத்தா வீட்டு லட்சுமி கூடவே கிளம்பிடுவா லா. காலையில வாங்க."

"காலையில சீதாவே கிளம்பிடுவாக்கா!"

"அதுக்கு என் லட்சுமியை அனுப்பவா?" கதவு சாத்தப்பட்டது.

வேறு வழியில்லை. தெங்கேராவுக்குச் சைக்கிளை மிதித்தார். அங்கே மாடு வைத்துப் பாலும் தயிரும் விற்கும் மீனாச்சி, அவரைக் கண்டதும் திகைத்துப் போனாள்.

"உங்களுக்கா ஐயா தயிரு? என் தயிரு வெறும் தண்ணின்னு பாசாரெல்லாம் சொல்லிட்டுத் திரிவீங்களே?"

"தண்ணிதான். இன்னிக்கு என் தலையெழுத்து. விளக்கு வெச்சாச்சுன்னு நீயும் ஆரம்பிச்சிடாதே."

"விக்கிறவளுக்கு விளக்கேது? பாத்திரத்தை நீட்டுங்க."

வீட்டில் வெள்ளைத் துணி வேறில்லை. சலவைக்கு வந்திருந்த யாரோ ஒரு துரையின் கைக்குட்டையை எடுத்துத் தயிரில் நனைத்து, கொல்லையில் கட்டி, கை ஓயும்வரை விசிறினார்.

காலையில் சீதா அதை எடுத்துப் பார்த்தாள். மூலையில் டோபிக் கடை மசியில் துரையின் அடையாளக் குறி பளிச்சென்று தெரிந்தது. குறியைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். கண் கலங்கியது.

"நல்லாக் காஞ்சிருக்குப்பா" என்று மட்டும் சொன்னாள்.

"உங்கம்மா உறை. பத்திரம்மா."

சொன்னதும் அவருக்கு உறுத்தியது. பெற்ற மகள் கடல் தாண்டும் நேரத்தில், செத்தவள் பேரைச் சொல்லிப் பொய். உண்மையைச் சொல்லிவிடலாமென்று வாயெடுத்தார். சிங்கப்பூர் டாக்சி ஹாரன் அடித்தது. சீதா காலில் விழுந்து எழுந்து, ஏறிப் போய்விட்டாள்.

அன்று சோறு இறங்கவில்லை. சாயங்காலம் கால்கள் தாமாகவே தெங்கேராவுக்குப் போயின. மீனாச்சி தயிரை மொண்டாள்.

"மீனாச்சி, நான் பாவி. ருக்மணி தயிர்னு சொல்லி, உன் தயிரை நனைச்சுக் கொடுத்து எம்மகளை ஏமாத்திட்டேன். இருபது வருஷ உறையை ஒரே சாயங்காலத்துல அழிச்சிட்டேன்." தெருவென்றும் பாராமல் அழுதார்.

மீனாச்சி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அந்த உறை அம்மா செத்த அமளியிலேயே கெட்டுப்போச்சு ஐயா, அப்பா தாங்கமாட்டாரு, சொல்லிடாதீங்கன்னு சத்தியம் வாங்கிக்கிட்டு, சீதா தங்கச்சி தினமும் என்கிட்டத்தான் தயிர் வாங்கிட்டுப் போச்சு."