பொதுவாப் போட்டதுங்க

கோயமுத்தூர்ச் சீமையில் கொஞ்ச வருடங்களாகப் புதிதாக ஓர் இனம் பெருகி வருகிறது. ஸ்டேட்டஸ்காரர் என்று பெயர் வைத்துக்கொள்வோம். மனதில் ஒரு வருத்தம் என்றால் அதற்குக் காரணமான ஆளிடமே போய்ச் சொல்கிறவர் சாதாரண மனிதர். மனைவியிடம் சொல்லிப் புலம்புகிறவர் அதைவிடச் சாதாரண மனிதர். இவர் அப்படியில்லை. சூரியன் மறைகிற படம் ஒன்றைத் தேடிப் பிடித்து, அதன்மேல் மஞ்சள் எழுத்தில் இரண்டு வரி எழுதி, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஏற்றி, தன் போனில் நம்பர் உள்ள பால்காரர், வக்கீல், பல் டாக்டர், பழைய வாடகைக்காரர் அத்தனை பேருக்கும் அதைக் காட்டிவிட்டு, சம்பந்தப்பட்ட அந்த ஒருவர் பார்த்துத் திருந்துவார் என்று காத்திருப்பார். ஒரு நாளில் அது தானாக அழிந்துவிடும். வருத்தம் அழியாது. மறுநாள் வேறு படம்.

இந்த இனம் நம் பக்கம் ஏன் இவ்வளவு செழிக்கிறது? நமக்கு நேரில் சண்டை போட வராது என்பதுதான் காரணம். நாம் திட்டினாலும் 'ங்க' போட்டுத் திட்டுகிறவர்கள். "ஏனுங்க, உங்களுக்குக் கொஞ்சமாச்சும் அறிவிருக்குங்களா?" என்று கேட்டால் எதிராளிக்குக் கோபமா வரும்? உட்காரச் சொல்லிக் காபி கொடுப்பார். வாயில் இவ்வளவு மரியாதையை வைத்துக்கொண்டு கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? போனில் வைத்துவிட்டோம்.

உதாரணத்துக்கு நம் கிருபாசங்கரை எடுத்துக்கொள்ளுங்கள். கணபதியில் மோட்டார் பம்புக்கு உதிரிப் பாகம் செய்கிற சின்னப் பட்டறை வைத்திருக்கிறார். ஐம்பதைத் தாண்டியவர். நேரில் பார்த்தால் தங்கமான மனிதர். எதிரில் வருகிற ஆளுக்கு வழிவிட்டு வழிவிட்டே கடைசியில் பஸ்ஸைத் தவறவிடுகிற ரகம். அவர் மனதில் என்ன ஓடுகிறது என்று முகத்தில் ஒன்றும் தெரியாது. "அண்ணன் எப்படி இருக்கறாருங்க?" என்று பக்கத்து வீட்டில் கேட்டால் அவர் மனைவி புவனா, "இருங்க, ஸ்டேட்டஸப் பாத்துப்போட்டுச் சொல்றேன்" என்பார். சாம்பாரில் உப்புக் கூடிவிட்டால்கூட இவர் மூச்சுவிடாமல் சாப்பிட்டுவிட்டுப் பட்டறைக்குப் போய், 'அளவு மீறினால் அன்பும் கரிக்கும்' என்று ஏற்றிவிடுவார். புவனா அதைப் பார்த்துவிட்டு ராத்திரிக்குத் தயிர் சாதம் செய்வார். குடும்பம் இப்படித்தான் நடக்கிறது.

"யாரைச் சொல்றீங்க?" என்று மட்டும் இந்த இனத்தைக் கேட்டுவிடக் கூடாது. "ச்சேச்சே, யாரையுமில்லீங்க. பொதுவாப் போட்டதுங்க" என்பார்கள். பொதுவாக! எந்த மனிதனாவது காலை எழுந்ததும் பல் துலக்காமல் உலகத்தைப் பொதுவாகத் திட்டுவானா?

சரி, நம் கிருபாசங்கருக்கு வந்த பெரிய வருத்தத்துக்கு வருவோம். அவருடைய அக்காவை அவிநாசியில் கட்டிக்கொடுத்திருக்கிறது. மச்சான் பாலுசாமி தோட்டக்காரர், வாய் ஓயாமல் சிரிக்கிற மனிதர். அவர்கள் பெண் மோகனப்பிரியாவுக்குத் தை மாதம் நிச்சயம் நடந்தது. மாப்பிள்ளைப் பையன் மிதுன், கொடுமுடி. இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தது தரகர் அல்ல, போனில் விளையாடுகிற ஒரு துப்பாக்கி விளையாட்டு. இருவரும் முகம் தெரியாமல் ஒரே அணியில் சேர்ந்து ஆடியிருக்கிறார்கள். எங்கெங்கோ இருந்து ஆடுகிறவர்கள் எல்லாம் காதில் கேட்கமுடியாத வார்த்தைகளில் கத்திக்கொண்டிருந்தபோது, ஒரு குரல் மட்டும், "ஏனுங்க, மரத்துக்குப் பொறவால ஒருத்தர் ஒளிஞ்சிட்டிருக்கறாருங்க, பாத்து சுட்டுப்போடுங்க" என்றதாம். சுடப்போகிற ஆளுக்கும் மரியாதை. எந்த ஊர் என்று அதற்குமேல் கேட்க வேண்டுமா? இரண்டு குடும்பமும் விசாரித்தன, பொருந்தி வந்தது, நிச்சயம் வைத்துவிட்டார்கள்.

அந்த நிச்சயத்தில்தான் அது நடந்தது. கிருபாசங்கர் மண்டபத்துக்குள் நுழைகிறார். வாசலிலேயே பாலுசாமி நிற்கிறார், கையில் போன், கண் போனில். தாய்மாமன் அவரைத் தாண்டி உள்ளே போகிறார். பாலுசாமி நிமிரவில்லை. "வாங்க" என்று கேட்கவில்லை.

வெளியூர்க்காரர்களுக்கு இது சாதாரணமாகத் தெரியலாம். நம் ஊரில் வந்தவரை 'வாங்க' என்று கேட்க வேண்டும். வீட்டில் பத்துப் பேர் இருந்தால் பத்துப் பேரும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். வாயில் சோறு இருந்தால் விழுங்கிவிட்டுக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அது பத்து வருடத்துக்குத் தாங்கும். கிருபாசங்கர் பந்தியில் பாயசத்துக்குக் காத்திராமல் எழுந்து கணபதிக்குத் திரும்பிவிட்டார். அன்று சாயங்காலமே முதல் வெடி வெடித்தது.

'கண் இருந்தும் காணாதவர்களுக்குக் கண்ணாடிக் கடைக்காரராலும் உதவ முடியாது.'

அடுத்த நாள், 'மறந்தவர்களுக்கு ஒரு நாள் என் நினைவு வரும். அன்று நான் பிஸி.' அதற்கடுத்து, 'சிலர் போனைப் பார்த்தே சொந்தத்தைத் தொலைக்கிறார்கள்.' இதையும் அவர் போனைப் பார்த்துக்கொண்டேதான் எழுதினார். கூடவே ஒரு சிங்கத்தின் படம். சிங்கம் திரும்பிப் பார்க்காமல் நடந்துபோகிறது.

ஏற்றிவிட்டால் வேலை முடிந்துவிடுமா? இனிமேல்தான் வேலை. யார் யார் பார்த்தார்கள் என்று கீழே ஒரு கண் அடையாளத்தைத் தொட்டால் பெயர்கள் வரும். கிருபாசங்கர் லேத்தில் ஒரு உருளையை மாட்டுவார், கண்ணைத் தொடுவார். அளவு பார்ப்பார், கண்ணைத் தொடுவார். ஊரே பார்த்திருக்கிறது. மச்சான் பெயர் மட்டும் இல்லை. "பாத்தது தெரியாம இருக்கறதுக்கு ஒரு செட்டிங் இருக்குதாமா. அதைப் போட்டு வெச்சுட்டுக் கமுக்கமாப் பாக்கறாரு" என்று புவனாவிடம் சொன்னார். சரி, உறைக்கிற மாதிரி போடுவோம் என்று மருந்தைக் கூட்டினார்: 'புதுச் சொந்தம் வந்ததும் பழைய சொந்தம் பழைய பேப்பர்.'

உறைத்தது. ஆனால் யாருக்கு? கண்ணாடிக் கடை மெஹராஜ், "புது பிரேமெல்லாம் வந்திருக்குதுங்க, எப்ப வாரீங்க?" என்று பதில் போட்டார். வார்ப்பு இரும்பு கொண்டுவந்து தருகிற வின்ஸ்டனுக்கு அந்த வாரம் சரக்குத் தாமதம். அவர் பைக்கை எடுத்துக்கொண்டு நேரிலேயே வந்துவிட்டார்.

"ஏனுங்கண்ணா, 'மறந்தவர்கள்'னு போட்டிருக்கீங்க. நான் மறக்கலீங்க. கரண்டு இல்லீங்க."

"அய்யோ வின்ஸ்டன், உங்களச் சொல்லலீங்க. பொதுவாப் போட்டதுங்க."

"எங்கூட்டுக்காரம்மா டீனாவும் பாத்துப்போட்டு, உங்களத்தான் சொல்றாருன்னு சொல்றாங்க. ராத்திரி தூக்கமே இல்லீங்க."

இருவரும் மாற்றி மாற்றி மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள். வின்ஸ்டன் போகும்போது அவர் முகத்தில் நம்பிக்கை இல்லை. மறுநாள் அவர் ஸ்டேட்டஸில், 'உழைப்பவனைச் சந்தேகிக்காதே' என்று ஒரு வரி வந்தது. அதைப் பார்த்து அவரிடம் வேலை செய்கிறவர்கள் யார் யாருக்கு என்ன தோன்றியதோ, அது தனிக்கதை.

சித்திரை வந்தது. கல்யாணப் பத்திரிகை வைக்க ஞாயிற்றுக்கிழமை வருகிறோம் என்று பாலுசாமி போன் செய்தார். அப்போதாவது சொல்லியிருக்கலாம் இல்லையா? போனை வாங்கியதே பேசுவதற்குத்தானே? "வாங்க மச்சான், வாங்க" என்று சொல்லி வைத்துவிட்டு, புவனாவிடம் திரும்பி, "பத்திரிகைய நான் கையில வாங்க மாட்டேன். மாமன் சீருக்கு வேற ஆளப் பாத்துக்கட்டும்" என்றார். கையோடு ஒரு ஸ்டேட்டஸையும் தயார் செய்தார்: 'என் வாசலுக்கு வருபவர்கள் தங்கள் மனசாட்சியிடம் வழி கேட்டு வரவும்.'

"ஏனுங்க, அவருதான் வரப்போறாரே. வந்ததும் வாயிலயே சொல்லிப்போடலாமில்லீங்க?" என்றார் புவனா.

"உனக்கு ஒண்ணும் தெரியாது. வழியிலயே பாத்துட்டு வரட்டும்."

கார் வந்து நின்றது. கிருபாசங்கர் நாற்காலியை விட்டு எழக்கூடாது என்று தீர்மானமாக உட்கார்ந்திருந்தார். பாலுசாமியின் கால் படியில் பட்டதும் இவர் உடம்பு தானாக எழுந்தது, கை தானாகக் குவிந்தது, வாய் தானாகச் சொன்னது: "வாங்க மச்சான், வாங்கக்கா, வா கண்ணு." ஐம்பது வருடப் பழக்கம், என்ன செய்வது?

காபி வந்தது. மழை, தேங்காய் விலை, மண்டபம் எல்லாம் பேசினார்கள். மோகனப்பிரியா மட்டும் காபியைத் தொடவில்லை. பாலுசாமி வெற்றிலை பாக்கு, தேங்காயோடு பத்திரிகைத் தட்டை நீட்டி, "மொதப் பத்திரிகை மாமனுக்குத்தான். வாங்கிக்குங்க மாப்ள" என்றார். கிருபாசங்கர் கை நீட்டவில்லை. மச்சான் முகத்தில் ஏதாவது உறுத்தல் தெரிகிறதா என்று தேடிக்கொண்டிருந்தார். பாலுசாமி எப்போதும்போலச் சிரித்துக்கொண்டிருந்தார். தட்டு நடுவில் நின்றது.

அப்போது மோகனப்பிரியா பேசினாள். "மாமா, ஒண்ணு கேக்கட்டுங்களா? மிதுனை உங்களுக்குப் புடிக்கலீங்களா?"

"என்ன கண்ணு கேக்கற?"

"நீங்க போட்டதெல்லாம் ஒண்ணு விடாமப் பாத்தனுங்க. புதுச் சொந்தம் வந்ததும் பழைய சொந்தம் பழைய பேப்பர்னு போட்டீங்களே. கேம்ல பழகுனவரைக் கட்டிக்கறேன்னு உங்களுக்குக் கோவம்னு அப்பவே தெரிஞ்சு போச்சுங்க. எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்லீங்க மாமா? நீங்க சீருக்கு வரலீன்னா நான் மணவறையில உக்கார மாட்டனுங்க." சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

கிருபாசங்கருக்குத் தூக்கிவாரிப்போட்டது. இந்தப் பெண்ணுக்குக் காது குத்தியது அவர் மடியில் வைத்துத்தான். அன்றைக்கு அவள் அழுத அழுகைக்கு இவரும் சேர்ந்து அழுதவர். இத்தனை வாரமாக அவள் தனியாக உட்கார்ந்து, தன் மாமன் தன்னைத் திட்டுவதாக ஒவ்வொரு வரியாகப் படித்திருக்கிறாள்.

"உன்னையில்ல கண்ணு, அது பொதுவாப்..." என்று ஆரம்பித்தார். அந்த வாக்கியம் முதல் தடவையாக அவர் வாயில் முடியவில்லை.

"அப்ப யாருக்குங்க மாமா?"

எல்லோரும் பார்த்தார்கள். சூரிய அஸ்தமனம் இல்லை, சிங்கம் இல்லை, மஞ்சள் எழுத்து இல்லை. வெறும் வாய். அதை வைத்துக்கொண்டுதான் சொல்லியாக வேண்டும்.

"உங்கப்பா... அன்னைக்கு மண்டபத்துல... என்னைய வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கலை கண்ணு."

பாலுசாமியின் சிரிப்பு நின்றது. "நானுங்களா? அட, கொடுமுடிக்காரங்க அவிநாசியத் தாண்டித் தெக்கலூர் வரைக்கும் போயிட்டாங்க மாப்ள. அவங்களுக்கு லொகேசன் அனுப்பறேன்னு போனோட மல்லுக்கட்டிட்டிருந்தேன். நெம்பத் தப்புங்க அது. அப்பவே சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"அதான் தெனமும் ஸ்டேட்டஸ் போட்டேனுங்களே."

"அதை நான் பாக்கறதில்லீங்களே." பாலுசாமி கொஞ்சம் நெளிந்தார். "போன வருசம் நீங்க வால்பாறை போனப்ப, கொண்டை ஊசி வளைவு ஒவ்வொண்ணுக்கும் ஒரு போட்டோ போட்டீங்க பாருங்க, அன்னைக்கே உங்களை மியூட்ல போட்டுட்டேனுங்க."

புவனா சமையலறைக்குள் போய்விட்டார். அங்கிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

பாலுசாமி தட்டை மனைவியிடம் கொடுத்துவிட்டு, போனைக் கீழே வைத்து, எழுந்து நின்று இரண்டு கையையும் கூப்பினார். "வாங்க மாப்ள! வாங்க வாங்க! நல்லா இருக்கீங்களா?"

தன் சொந்த வீட்டின் நடுவில் நின்றுகொண்டு, விருந்தாளி கேட்ட அந்த 'வாங்க'வுக்கு, "வந்துட்டேனுங்க மச்சான்" என்றார் கிருபாசங்கர். கண்ணைத் துடைத்துக்கொண்டு பத்திரிகையை வாங்கிக்கொண்டார். தையிலிருந்து நடந்த போர் ஒரு காபி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

வைகாசியில் கல்யாணம். மாமன் சீரை அவர்தான் செய்தார், மோகனப்பிரியாவின் முகத்தில் சந்தோஷம் நிறைந்து வழிந்தது. சரி, மனிதர் திருந்தினாரா என்று கேட்கிறீர்கள். அன்றைக்குப் பந்தியில் இலை போடுவதற்குள் மச்சானும் தானும் நிற்கிற படத்தை ஏற்றி, 'எதையும் நேரில் பேசுவதே சொந்தம்' என்று மஞ்சளில் எழுதிவிட்டார். மச்சான் பார்த்தாரா என்று கண் அடையாளத்தைத் தொட்டுத் தொட்டுத் தேடினார். மச்சான் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தார்.

இதைப் படிக்கும்போது உங்களுக்கும் ஒருவர் முகம் ஞாபகம் வந்திருக்குமே? 'அப்படியே அந்த ஆளுதான்' என்று தொடையில் தட்டியிருப்பீர்கள். இந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் வைத்தால் அந்த ஆளுக்கு நறுக்கென்று உறைக்குமே என்று கை பரபரக்கிறதா? தாராளமாக வையுங்கள். அந்த ஆள் பார்க்க மாட்டார். வேறு யாரோ ஒருவர், நீங்கள் கனவிலும் நினைக்காத ஒருவர், போன் செய்து, "என்னையச் சொல்றீங்களா?" என்று தழுதழுத்த குரலில் கேட்பார். அவருக்கு என்ன பதில் சொல்வீர்கள் என்று எனக்கு இப்போதே தெரியும்.

என்ன, முகம் மாறுகிறது? அய்யோ, உங்களைச் சொல்லவில்லைங்க. பொதுவாக எழுதியதுங்க.