கூரை கேட்ட மனிதர்

சிங்கப்பூர் அரசாங்கம் வெளியிட்ட அத்தனை வளர்ச்சித் திட்டங்களையும் வரி விடாமல் படித்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் குவீன்ஸ்டவுன் அடுக்குமாடி புளோக்கில், நான்காவது மாடியில் இருந்தார். திட்டத்தை எழுதியவர்களே சில பக்கங்களைத் தாண்டியிருப்பார்கள், அவர் தாண்டியதில்லை. அவர் பெயர் தபால்காரருக்குத் தெரிந்திருக்கலாம். எங்களுக்கு அவர் கூரைக்காரர்.

எங்கள் புளோக்கிலிருந்து காப்பிக்கடை வரை நடைபாதைக்குக் கூரை உண்டு. நடுவில் ஒரு லாரி நீளத்துக்கு மட்டும் இல்லை. மழை வந்தால் நாங்களெல்லாம் அந்த இடத்தில் ஓடுவோம். அவர் மடக்கிய குடையைக் கையில் பிடித்தபடி, சாமி ஊர்வலத்தில் போகிறவர் போல நனைந்துகொண்டே நடப்பார்.

குடையை விரிக்கலாமே என்று ஒருமுறை கேட்டேன்.

"நான் விரிச்சா, இங்க கூரை தேவையில்லன்னு எழுதிடுவாங்க தம்பி."

திட்டக் கண்காட்சி எங்கே நடந்தாலும் போய்விடுவார். சனிக்கிழமைகளில் எனக்கும் வேலை இருப்பதில்லை என்பதால், தேக்காவில் தோசை சாப்பிட்டுவிட்டு நானும் கூடப் போவேன். ஒரு தடவை துவாஸ் துறைமுகக் கண்காட்சி. கண்ணாடிப் பெட்டிக்குள் குட்டிக் கப்பல்கள், குட்டிக் கிரேன்கள். விளக்க நின்ற இளம் அதிகாரி தமிழ்ப் பெண். கடலைத் தூர்த்து நிலமாக்குவதையும் ஆளில்லாமல் ஓடும் வண்டிகளையும் அழகாகச் சொல்லி முடித்து, கேள்வி உண்டா என்று கேட்டாள்.

"எல்லாம் நல்லா இருக்கும்மா. எங்க காப்பிக்கடை பக்கம் கூரை எப்ப வரும்?"

"அங்கிள், இது போர்ட் கண்காட்சி லா."

"கப்பலுக்கே இவ்வளவு செய்றீங்க. நான் அத விடச் சின்ன ஆளுதானே."

அவள் சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டாள். விமான நிலைய விரிவாக்கத்திலும் அதே கேள்வி. செங்காங்கில் ரயில் பாதைக் கண்காட்சியிலும் அதே கூரை. ஆனால் பேச்சு கூரையோடு நிற்காது. மனைவி இறந்தது, மகன் வெளிநாட்டில், பெர்த்தில் இருப்பது, ஒரே ஒரு ஆளுக்கு ரசம் வைப்பதில் உள்ள தொல்லை என்று நீளும். விளக்க நிற்கும் அந்தப் பிள்ளைகள் நின்று கேட்டார்கள். மக்கள் கருத்தைக் கேட்பது அவர்கள் வேலை. திரும்பும் ரயிலில் அவர் முகத்தைப் பார்த்தால், வீட்டுக்கு விருந்தாளி வந்துவிட்டுப் போனது போல இருக்கும். அடுத்த கண்காட்சி வரை அவர் வேறு யாரிடமும் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை.

போன வருடம் கூரை வந்துவிட்டது.

புளோக்கே அவருக்குக் கை கொடுத்துப் பாராட்டியது. முதல் மழையன்று அவர் அதன் கீழே வெகுநேரம் அண்ணாந்து நின்றார்.

"ஒழுகலையே" என்றார், வருத்தமாக.

அதன் பிறகு அவர் கண்காட்சிகளுக்கு வரவில்லை. காப்பிக்கடைக்கு வருவதும் குறைந்தது. ஒரு சனிக்கிழமை மாடியேறிக் கதவைத் தட்டினேன். கடல் மட்டம் உயர்ந்தால் கரையை எப்படிக் காப்பது என்று புதுக் கண்காட்சி போட்டிருக்கிறார்கள், தீவு முழுவதையும் மாதிரியாகச் செய்து வைத்திருக்கிறார்கள் என்று ஆசை காட்டினேன். உள்ளே டிவி தன்பாட்டில் பேசிக்கொண்டிருந்தது.

"கேக்க ஒண்ணுமில்லாம அந்தப் பிள்ளைங்க முன்னாடி போய் எப்படி நிக்கிறது தம்பி?" என்றார்.

மறுநாள் காலையிலிருந்து குவீன்ஸ்டவுன் முழுவதும் அண்ணாந்து பார்த்தபடி நடந்தேன். அரசாங்கம் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்து தொலைத்திருந்தது. மதியத்துக்கு மேல்தான், ஒரு பேருந்து நிறுத்தத்துக்கும் படிக்கட்டுக்கும் இடையே, வானம் தெரியும் சிறு துண்டு கிடைத்தது. ஒரு பாயை விரித்தால் மூடிவிடலாம்.

அங்கிருந்தே போன் செய்தேன்.

"அண்ணே, சட்டையப் போட்டுக்கிட்டு உடனே வாங்க. இங்க ஒரு அநியாயம் நடக்குது."

அவர் வருவதற்குள் யாராவது வந்து கூரை போட்டுவிடுவார்களோ என்ற பயத்தில், நான் வெயிலைவிட்டு நகரவே இல்லை.