மச்சான் தட்டில் மரப்பாசி

தாவரவியல் படிக்கிறவனை வீட்டு ஃபிரிட்ஜ் பக்கமே விடக்கூடாது. என்னை விட்டார்கள், அனுபவித்தார்கள்.

எம்.எஸ்சி. படித்தபோது கொடைக்கானல் சோலைக்காட்டில் ஒரு பாசியைக் கண்டேன். விரல் உயரம்தான், ஆனால் அசல் மரம்! அடியில் மொட்டைத் தண்டு, உச்சியில் குடைபோலக் கிளைகள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பேராசிரியரிடம் போனில் கத்தினேன்.

"மரம் மாதிரி பாசி நெறைய இருக்குப்பா," என்றார் அவர் நிதானமாக. "மண்ணுக்குள்ள ஒரு தண்டு ஓடி, ஒண்ணோட ஒண்ணைச் சேத்துப் பிடிச்சிருந்தாத்தான் நாம தேடுறது. பிய்ச்சிடாம திங்கக்கிழமை கொண்டுவா."

என் ஆய்வே அந்த ஒரு கொத்தை நம்பித்தான் இருந்தது. மதுரை வந்ததும் மண்ணோடு ஈரத்துணியில் சுற்றி, காஜிமார் தெரு வீட்டு ஃபிரிட்ஜில், புதினாக் கட்டுக்குப் பக்கத்தில் பத்திரப்படுத்தினேன். (என் புத்தியை எதால் அடிப்பது?)

ஞாயிறு மதியம் அக்காவைக் கட்டிய மச்சானுக்கு எங்கள் வீட்டில் முதல் விருந்து. மனுஷர் பாவம், ரொம்பக் கூச்ச சுபாவம். தயிர்ப் பச்சடி வைக்கக் குனிந்தேன். அவர் தட்டில், சீரகச் சம்பா பிரியாணிக்கு நடுவே, ஒரு குட்டி மரம்!

"அம்மா! புதினா எங்கருந்து எடுத்த?"

"ஃபிரிட்ஜுலதான். துணியில சுத்தி ஒண்ணு இருந்துச்சு, ஊட்டிப் புதினான்னு நெனச்சேன். அம்புட்டு மண்ணுடா அதுல, நாலு தண்ணி அலசுனேன்!"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் பாழாய்ப்போன கை சும்மா இருக்குமா? மச்சான் தட்டுக்குள் விட்டு அந்த மரத்தைப் பிடித்து இழுத்தேன். பக்கத்து மரமும் கூடவே வந்தது! அதன் பின்னால் இன்னொன்று! நடுவே சோறு ஒட்டிய நூலாக ஒரு தண்டு.

"சேந்து வருது! சேந்து வருது!" என்று கையில் நெய் ஒழுகக் குதித்தேன்.

"யா அல்லாஹ்!" என்று என்னைப் பெற்ற அத்தா தலையில் கைவைத்தார். அக்கா அழுதுகொண்டே உள்ளே ஓடினாள். மச்சான் வாயில் இருந்ததை விழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் திணறினார்.

"மாப்ள, நான் ஏற்கெனவே ரெண்டு மரம் தின்னுட்டேனே?"

"கவலைப்படாதீங்க மச்சான், மிச்சம் இருக்கு!" என்றேன்.

மறுநாள் பேராசிரியர் லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு, "சந்தேகமே இல்ல, இதுதான்" என்றார். பிறகு முகர்ந்து பார்த்தார். "ஏம்ப்பா, கிராம்பு வாசம் அடிக்குது?"

அக்கா மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். போன வாரம் அவளைக் கூப்பிடப் போனபோது தோழிகளிடம் என்னைப் பெருமையாக அறிமுகப்படுத்தினாள்:

"இவுகதான்டி எங்க மாமா. எங்க அத்தா தின்னுக்கிட்டிருந்த காட்டைக் காப்பாத்துனவுக!"