எட்டரை மணி ஜூக்

அநியாயத்துக்கு ஆளானவர் என் அண்ணி குணசுந்தரி. செய்தவர் என் கூடப் பிறந்த அண்ணன் எத்திராஜ். குற்றம்: அண்ணியின் கஞ்சியை வீட்டை விட்டுத் துரத்தியது. சாட்சி நான். வக்கீலும் நானே. பி.ஏ. வகுப்பில் தர்க்கம் படிக்கிற பெண் வீட்டோடு இருக்கும்போது வெளியில் எதற்கு வக்கீல்?

அண்ணன் துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணி எண்ணிக் கோடு போடுகிற வேலை. அரிசி ரேஷனை எடுத்துவிட்ட மறு வருஷம் அவரை ஹெட் கிளார்க் ஆக்கினார்கள். அதாவது, இனி மற்றவர்கள் கோடு போடுவார்கள். இவர் அந்தக் கோடுகளைப் பார்த்துத் தலையாட்டுவார். முதல் தலையாட்டல் வீட்டில்தான் நடந்தது. புதிதாகத் தைத்துப் போட்டிருந்த கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"இந்தாமே, இன்னியோட இந்த வூட்ல கஞ்சி கிடையாது. வாசனகூட வரக் கூடாது."

அண்ணி கரண்டியை நிறுத்தினார். "கஞ்சி இன்னாங்க பாவம் பண்ணிச்சி?"

"ரேஷன் காலத்துல வருஷக்கணக்கா குடிச்சாச்சி. இப்போ ரேஷனும் பூட்ச்சி, நானும் ஹெட்டு ஆயிட்டேன். ஹெட்டு கிளார்க் வூட்டாண்ட கருவாட்டுக் கஞ்சி வாசன அடிச்சா நாலு பேரு இன்னா நெனைப்பான்?"

"பசிக்குதுன்னு நெனைப்பான்."

"இட்லி, தோச, பூரி. அவ்ளோதான்."

நான் சும்மா இருப்பேனா? "கஞ்சி குடித்தால் கௌரவம் குறையும் என்பதற்கு ஆதாரம் என்ன?" என்று கேட்டேன்.

"ஏ, பி.ஏ., நீ போய்ப் படி."

இதுதான் எங்கள் வீட்டில் தர்க்கத்துக்குக் கிடைக்கும் மரியாதை.

அண்ணி காசிமேட்டுப் பெண். அவர் அப்பா கட்டுமரக்காரர். அண்ணியின் கஞ்சி ரேஷன் கடைக் கஞ்சி அல்ல. அரிசியை வெறும் சட்டியில் சிவக்க வறுப்பார். ஒன்றிரண்டாக உடைப்பார். இஞ்சி தட்டிப் போட்டு, குழையக் குழையக் கொதிக்க விடுவார். நெத்திலிக் கருவாட்டைச் சின்ன வெங்காயத்தோடு மொறுமொறுவென்று வறுத்து மேலே தூவுவார். ராயபுரத்தில் எங்கள் சந்துக்கு வழி தெரியாதவர்கள்கூட அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டே வந்து சேர்ந்திருக்கிறார்கள். அந்தச் சட்டி அன்று பரணுக்குப் போனது. அண்ணி ஆட்டுக்கல்லுக்குப் போனார்.

மூன்று நாள் அண்ணன் இட்லி சாப்பிட்டார். நான்காம் நாள், "ஆறு மணி ஷிப்ட்டுமே. அந்நேரத்துல வயிறு தொறக்க மாட்டேங்குது" என்று காப்பியை மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பினார். ஐந்தாம் நாளும் அப்படியே. ஆட்டினது யார்? அண்ணி. தொடாதது யார்? அண்ணன். அத்தனை இட்லியையும் கொள்கைக்காக நானே சாப்பிட வேண்டியதாயிற்று.

ஒருநாள் காலேஜுக்கு ரயில் பிடிக்க ஸ்டேஷனுக்குப் போய்க்கொண்டிருந்தேன். மணி எட்டரை, துறைமுகத்தில் காலைச் சாப்பாட்டு இடைவேளை. துறைமுகத்துச் சுவருக்கு எதிரே தகரக் கொட்டகையில் ஒரு சீனாக்காரர் கடை உண்டு. லீ என்று பெயர். ரங்கூனில் சமையல் வேலை பார்த்தவர். அங்கேயே நம் தமிழ்ப் பெண் செல்லம்மாவைக் கட்டிக்கொண்டு, குண்டு விழுந்தபோது அவளோடு இங்கே வந்து சேர்ந்தவர். சீனக் கப்பல்காரர்கள் காலையில் அங்கே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அன்று அவர்களுக்கு நடுவே ஒரு புதுக் கோட்டு உட்கார்ந்திருந்தது. கோட்டுக்குள் என் அண்ணன். அவர் மூக்குக்குக் கீழே ஒரு பீங்கான் கிண்ணம். கிண்ணத்தில் கஞ்சி.

ரயிலை விட்டேன். வீட்டுக்கு ஓடினேன். மூச்சு வாங்கச் சொன்னேன்.

அண்ணி கத்தவில்லை. "அதுல கருவாடு போட்டுக் கீதா?" என்றார்.

"ஏதோ மீன் கிடந்தது."

"வறுத்ததா, அவிச்சதா?"

"அண்ணி, இப்போது அதுவா முக்கியம்? இது நம்பிக்கைத் துரோகம். முரண்பாடு. இன்று ராத்திரியே கேட்டுவிடுகிறேன். ஒன்பது பாயின்ட் வைத்திருக்கிறேன்."

"ஒம்பதையும் பத்திரமா வெச்சிக்க பாப்பா. உங்கண்ணன்கிட்ட பேசி ஜெயிச்சா, மறுநாளு அவரு வேற ஒண்ணு பேசுவாரு. நீ வாயத் தெறக்காத."

இரண்டு மாதம் நான் வாயைத் திறக்கவில்லை. பல்கலைக்கழகப் பரீட்சைகூட இதைவிடச் சுலபம். அண்ணனோ நாளுக்கு நாள் பூரித்துக்கொண்டே வந்தார். சட்டைப் பொத்தான்கள் இழுத்துப் பிடித்தன. கடைசியில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவரே வாயை விட்டார். தோசையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "உங்களுக்கெல்லாம் ஆக்கத் தெரிஞ்சது அவ்ளோதான். சீனாக்காரன் கைல கத்துக்கணும்" என்றார்.

அணை உடைந்தது.

"கடையில் போய் நீ கஞ்சிதானே குடிக்கிறாய்?" என்றேன்.

அண்ணன் தோசைத் தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார். "அது கஞ்சி இல்ல. ஜூக்கு."

"அரிசிதானே?"

"அரிசிதான்."

"தண்ணீர் ஊற்றித்தானே கொதிக்கிறது?"

"கொதிக்குது."

"அப்போது கஞ்சிதான்."

"உன்ன சீமைக்கு அனுப்பினாலும் உருப்பட மாட்ட. கஞ்சி அலுமினியத் தட்டுல குடிக்கிறது. ஜூக்கு பீங்கான்ல துன்றது. கப்பல் கேப்டனே வந்து துன்றான், தெரியுமா?"

அண்ணி அடுப்படியிலிருந்து சாந்தமாகக் கேட்டார்: "நாங்களும் வந்து பாக்கலாமாங்க?"

"வாங்க. நாளைக்கி ஞாயித்துக்கெழம. வந்து கண்ண தெறந்து பாத்து கத்துக்குங்க."

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கே அண்ணி மீன் வாங்கப் போனாராம். நான் எழுந்திருப்பதே ஏழரைக்கு. ஆகவே கேள்விப்பட்டதைத்தான் சொல்கிறேன். எட்டு மணிக்குத் திரும்பி வந்தார். கூடை காலி. "மீன் சரியில்ல" என்றார். ஞாயிற்றுக்கிழமைக் காலையில், காசிமேட்டில், காசிமேட்டுப் பெண்ணுக்கு நல்ல மீன் கிடைக்கவில்லை. தர்க்கம் படிக்கிறவள் அந்த இடத்திலேயே பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. என் ஒன்பது பாயின்டை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன்.

கடையில் கூட்டம். கப்பல்காரர்கள் பாதி, நம் துறைமுகத்துக் கூலிக்காரர்கள் பாதி. மூன்று முக்காலி கிடைத்தது. அண்ணன் கடைக்குச் சொந்தக்காரர் மாதிரி கையைத் தட்டி எல்லாம் கொண்டுவரச் சொன்னார். சோயா மொச்சையை அரைத்துக் காய்ச்சிய பால் வந்தது. ஆவியில் வெந்த வெள்ளை ரொட்டி, வாயைக் கிட்டே கொண்டுபோனால் சுடுகிறது. உப்பில் ஊறிய வாத்து முட்டை. மாவை முழ நீளத்துக்கு இழுத்துப் பொரித்த குச்சி; கடித்தால் உள்ளே வெறும் காற்று. அதன் பிறகு மூன்று கிண்ணம் ஜூக்.

"இத இப்பிடித்தான் எடுக்கணும்" என்று அண்ணன் இரண்டு மூங்கில் குச்சிகளால் மூன்றாவது குச்சியைப் பிடிக்கப் பார்த்தார். அது எகிறிப் பக்கத்து மாலுமியின் பாலில் விழுந்தது. மாலுமி அதை நன்றியோடு சாப்பிட்டார்.

"குச்சிய வுடு. ஜூக்கு துன்னு பாரு, குணா. நெதானமா. இந்த ரெண்டு மாசமா இன்னும் ருசி ஏறிக்கினே கீது. சீனாக்காரனுக்குக் கை படிஞ்சிருச்சி. இந்த மாதிரி உன்னால இந்த ஜென்மத்துல காச்ச முடியுமா?"

"எங்கங்க முடியும்?" என்றார் அண்ணி.

நான் ஒரு கரண்டி வாயில் வைத்தேன். வறுத்த அரிசி வாசனை. தட்டிப் போட்ட இஞ்சி. மேலே சின்ன வெங்காயத்தோடு நெத்திலி. கரண்டியை வைத்துவிட்டு அண்ணியைப் பார்த்தேன். அண்ணி சுவரில் தொங்கிய காலண்டரில் சீனப் பெண்ணின் குடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் கிண்ணத்தை வழித்து முடித்து, உதட்டைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார். ஹெட் கிளார்க் அல்லவா? "லீயக் கூப்பிடுங்க. அவன் கையப் புடிச்சி குலுக்கணும்."

லீ மாவுக் கையோடு வந்தார். அண்ணன் அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினார். "லீ, ஒன் ஜூக்கு மாதிரி இந்த மெட்ராஸ்லயே கெடையாது."

லீ சிரித்தார். செல்லம்மாவிடம் படித்த தமிழ். "நான் இல்லே, சார். குச்சி நான். பால் நான். ஜூக்கு நான் செஞ்சா கப்பல் ஆளு மட்டும் சாப்பிடும். இது இந்த அக்கா." கை அண்ணியைக் காட்டியது.

உள்ளேயிருந்து செல்லம்மாவின் குரல்: "குணாக்கா, வந்துட்டியா? காலைல நெத்திலி டப்பாவ எங்க வெச்ச? தேடிக்கினே கீறேன்."

"அரிசி மூட்ட மேல பாரு" என்றார் அண்ணி.

அண்ணனின் கை லீயின் கையிலேயே இருந்தது. மெதுவாக அண்ணி பக்கம் திரும்பினார். "நான் கஞ்சி கூடாதுன்னு சொன்னேன்ல?"

"வூட்ல கூடாதுன்னீங்க. நான் வூட்ல காச்சலையே. நீங்க ஷிப்ட்டுக்குப் போனதும் வருவேன், பாப்பா எழுந்திரிக்கிறதுக்குள்ள திரும்பிடுவேன்."

என் ஒன்பது பாயின்டும் நாக்கு நுனியில் வரிசையாக நின்றன. ஒன்றுக்கும் வேலை இல்லை. வாழ்க்கையிலேயே எனக்கு அவ்வளவு ஏமாற்றமாக இருந்ததில்லை. ஆறு மணிக்கு எழுந்து தொலைத்திருந்தால் இரண்டு மாதம் முன்னாடியே எனக்குத் தெரிந்திருக்கும்.

அண்ணன் உட்கார்ந்தார். காலிக் கிண்ணத்தைப் பார்த்தார். அண்ணி தொடாமல் வைத்திருந்த கிண்ணத்தைப் பார்த்தார். அண்ணி அதை அவர் பக்கம் நகர்த்தினார். அவர் அதையும் சாப்பிட்டார். கோட்டுப் பொத்தான் ஒன்றைக் கழற்றினார். பிறகு, பக்கத்து மாலுமிக்குத் தமிழ் தெரிந்துவிடுமோ என்பதுபோலக் குரலைத் தாழ்த்தினார்.

"சரிமே. நடந்தது நடந்துபோச்சி. நாளையிலேர்ந்து வூட்லயே காச்சிடு."

அண்ணி முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டார்.

"ஹெட்டு கிளார்க் வூட்ல கஞ்சி வாசன வரலாமாங்க? எட்டரைக்கி இங்க வாங்க, ஒங்களுக்குன்னு ஒரு கிண்ணம் எடுத்து வெக்கிறேன்."